கடற்கரையில் கல் பொறுக்கலாமா? எதை எடுக்கலாம், எதை விட்டுவர வேண்டும்

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் ராமேசுவரமும் கன்னியாகுமரியும் போகிறோம். கரையில் கிடக்கும் கூழாங்கல், சிப்பி எல்லாம் பொறுக்கி வந்து மீன் தொட்டியில் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. எடுத்தால் வனத்துறை பிடிக்கும் என்கிறார் ஒருவர். கீழே கிடப்பதை எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: கூழாங்கல் நாலைந்து எடுப்பதால் யாரும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் ராமேசுவரத்துக் கரையில் கல் என்று நினைத்து எடுப்பதில் பல கல்லே அல்ல, பவளம். அதைப் பையில் போட்டால் வனத்துறை கட்டாயம் கேட்கும், கேட்கவும் வேண்டும். எனவே முதலில் பழக வேண்டியது கல்லையும் பவளத்தையும் பிரித்துப் பார்ப்பது.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் பட்டியலில் பாறை உருவாக்கும் பவளங்கள் எல்லாமும், கடல் விசிறி, கருப்புப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் இருக்கின்றன. 2001-இல் சேர்க்கப்பட்டவை இவை. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. முதல் பட்டியல் உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "உயிரோடு பிடுங்கவில்லையே, செத்து ஒதுங்கியதுதானே" என்ற வாதம் எடுபடாது. இறந்து கிடக்கும் வனவிலங்கும் அரசின் சொத்து என்கிறது அந்தச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் நிலைமை மாறாது. ரசீது உங்களைக் காப்பாற்றாது.

ஒதுங்கிய துண்டுக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்று தோன்றலாம். மன்னார் வளைகுடாத் தீவுகளே பவளத் துண்டுகளும் அவை உடைந்து நொறுங்கிய மணலும் சேர்ந்து உருவானவைதான். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கு மேல் இல்லை. அதற்கு அந்த வெட்டலும் ஒரு காரணம். இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் தீவுகளில் இறங்கவே கூடாது. இறங்க அனுமதி கிடைத்தாலும் அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. அங்கே வெறும் கல்லுக்கும் விதிவிலக்கு இல்லை. படகுக்காரர் "ஒன்றும் ஆகாது, எடுங்கள்" என்றாலும் எடுக்காதீர்கள்.

பவளத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? கையில் எடுத்து, உடைந்த பக்கத்தைக் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவிலிருந்து பட்டாணி அளவு வரை ஒழுங்காக அடுக்கிய குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் போல நடுவை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பவளம். மூளை மடிப்பு போல வளைந்து ஓடும் வரிகள் இருந்தாலும் பவளம். அலையில் தேய்ந்து வழவழப்பாகி, வெள்ளை விரல் போலக் கிடப்பவற்றில்தான் ஏமாந்துபோவோம். அவற்றுக்கு ஒரு சிறு சீசாவில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ எடுத்துப் போங்கள். சாவி முனையால் லேசாகச் சுரண்டி, அந்தத் தூளின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். பொடிக் குமிழிகள் கிளம்பினால் அது சுண்ணாம்பு: பவளம், சிப்பி, அல்லது சுண்ணாம்பால் இறுகிய கடற்கரைப் பாறை. இந்த மூன்றில் எது என்று அங்கே நின்று ஆராய வேண்டாம், கிடந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். குவார்ட்சும் கருங்கல்லும் நுரைக்காது.

ராமேசுவரத்தின் "மிதக்கும் கல்" பற்றியும் சொல்ல வேண்டும். துளைகளில் காற்று நிறைந்த காய்ந்த பவளத் துண்டுகள் சில மிதக்கும். எரிமலையிலிருந்து வரும் நுரைக்கல்லும் மிதக்கும். இந்தோனேசியப் பக்கத்து எரிமலைகள் வெடிக்கும்போது அது கடலைக் கடந்து மிதந்து வருவதுண்டு. நுரைக்கல்லில் துளைகள் ஒழுங்கற்றுக் கிடக்கும், நட்சத்திரக் கோடு இருக்காது, வினிகருக்கு நுரைக்காது. பக்தியோடு வாங்குகிறவர்கள் மனம் நோகச் சொல்லவில்லை. ஆனால் குழிகளில் நட்சத்திரக் கோடு தெரிந்தால் வாங்காதீர்கள்.

இனி சிப்பி, சங்கு. எல்லாவற்றுக்கும் தடை இல்லை. பட்டியலில் உள்ள இனங்களுக்குத்தான். ராட்சதச் சிப்பி எனப்படும் டிரைடாக்னா, கொம்புத் தலைக்கவசச் சங்கு, நாட்டிலஸ் ஆகியவை கண்டிப்பாக ஆகாது. விரல் விரலாக நீண்ட ஐவிரல் சங்குகளில் சில இனங்களும் பட்டியலில் உண்டு, அவற்றைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். ஆகவே, உள்ளங்கையில் அடங்காத எந்தச் சங்கையும் எடுக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. சிறியதை எடுக்கும்போதும் உள்ளே உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். வாயில் மூடி இருந்தால், ஈரவாடை அடித்தால், அளவுக்கு மீறிக் கனத்தால் சங்குப்பூச்சி உள்ளே இருக்கிறது. ஆழமில்லாத தேங்கிய நீரில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் காத்திருங்கள். துறவி நண்டு குடியிருந்தால் காலை நீட்டும். வெற்றுச் சங்குதான் அதற்கு வீடு.

கூம்பு வடிவில், வலைப்பின்னல் கோலம் போட்டது போல அழகாக இருக்கும் சங்கைப் பிள்ளைகள் தொடவே கூடாது. உயிருள்ள கூம்புச் சங்கு நச்சு முள்ளால் குத்தும். அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஆபத்தில்லை என்பது தவறு. அதன் தும்பிக்கை வளைந்து வரும். இதற்கு முறிமருந்து கிடையாது. குத்திவிட்டால், வலி குறைவாக இருந்தாலும், குத்திய கையை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு.

கன்னியாகுமரியில் பவளத் தொல்லை குறைவு. அங்கே கரையில் கிடப்பவை பெரும்பாலும் கருநீலப் பச்சை சாயலில் எண்ணெய்ப் பளபளப்புள்ள சார்னகைட், கார்னெட் பொட்டுகள் வைத்த நைஸ் பாறை, வெள்ளைக் குவார்ட்சு. சிவப்பு மணல் கார்னெட், கருப்பு மணல் இல்மனைட். தேவியின் கல்யாண அரிசி மணலானது என்ற கதையோடு கிடைக்கும் வெள்ளை மணிகள் குவார்ட்சு. ஆனால் மணலை அள்ளாதீர்கள். இந்தக் கரையின் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் சுரங்கச் சட்டத்தில் அணுக் கனிமங்கள் பட்டியலில் வருகின்றன. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் தாது மணல் எடுப்பது 2013-இலேயே தடை செய்யப்பட்டது. கையில் ஒட்டிய மணலை யாரும் எண்ணப்போவதில்லை, சாக்கில் எடுத்தால் கதை வேறு.

அப்படியானால் வெறும் கூழாங்கல் எவ்வளவு எடுக்கலாம்? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணலும் பாறையும் வெட்டி எடுப்பதைத் தடுக்கிறது. உருண்டைக் கல்லும் சரளையும் சிறு கனிமங்கள். வண்டியில் ஏற்ற உரிமம் வேண்டும். நினைவுக்காக எடுத்துப் போகும் கல்லுக்கு "இத்தனை கிலோ வரை" என்று சலுகை அளவு எதுவும் இவற்றில் இல்லை. ஆகவே ஆளுக்கு ஒரு கை மூடினால் அடங்குகிற அளவு, அதுவும் தளர்ந்து கிடப்பது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறையைத் தட்டி உடைப்பது, தடுப்புச் சுவரிலும் தூண்டில் வளைவிலும் (கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) அடுக்கிய கல்லைப் பெயர்ப்பது, மணல்மேட்டைத் தோண்டுவது எதுவும் கூடாது. ஜனவரியிலிருந்து சில மாதங்கள் நம் கிழக்குக் கரை மணலில் பங்குனி ஆமை முட்டையிட்டிருக்கும். வேறு ஊர் போனாலும் இது பொருந்தும்.

பழைய நாணயம், மணி, எழுத்துள்ள பானை ஓடு அகப்பட்டால் அது கல் கணக்கில் சேராது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிடந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். இடம் தெரியாத பானை ஓட்டால் ஆய்வாளர்களுக்குப் பயன் பாதிதான்.

போகும் நேரம்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் அதிகம், வற்றும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் ஈரக் கரை அகலமாகக் கிடைக்கும். உங்கள் விடுமுறை மாதத்தில் ஒரு எச்சரிக்கை: ஏப்ரல், மே மாதங்களில் குமரிக் கரையில் காற்றே இல்லாமல் திடீரென எழும் "கள்ளக்கடல்" அலை வரும். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விட்டிருந்தால் நனைந்த மணலில் கால் வைக்க வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டிக் குனிந்து பொறுக்குவதுதான் பிள்ளைகள் செய்யும் தவறு. ஒருவர் பொறுக்கும்போது இன்னொருவர் கடலைப் பார்த்து நிற்கட்டும். பாசி படிந்த பாறை வழுக்கும், பாறையில் ஒட்டியிருக்கும் கூரிய ஓட்டு உயிரியான கொட்டலசு காலைக் கிழிக்கும். செருப்பு வேண்டாம், பட்டை போட்ட காலணி போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கல்லை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஐந்தாறு நாள் தினமும் நீரை மாற்றுங்கள். விட்டால் துளைக்குள் உப்பு படிகமாகிக் கல்மேல் வெள்ளை பூக்கும். மென்மையான கல்லென்றால் செதில் செதிலாக உதிரும். கல்லை வேக வைக்காதீர்கள், உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெடித்துச் சிதறலாம். சுடுநீர் ஊற்றித் தேய்த்தால் போதும். காய்ந்ததும் நிறம் மங்குவது இயல்பு. ஈரமாக இருக்கையில் நீர் மேற்பரப்புச் சொரசொரப்பை நிரப்பிப் பளிச்சென்று காட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் பூசினால் சில வாரத்தில் சிக்கு பிடித்து நாறும்.

மீன் தொட்டிக்கு முன் மறுபடி வினிகர் சோதனை செய்யுங்கள். சுண்ணாம்பு கலந்த கல் தண்ணீரின் கடினத்தையும் காரத்தன்மையையும் மெல்ல ஏற்றிக்கொண்டே இருக்கும். கப்பி தாங்கும், டெட்ரா போன்ற மென்னீர் மீன்கள் சோர்ந்துபோகும். துரு நிறம் வடியும் கல்லும் வேண்டாம். சார்னகைட், குவார்ட்சு இரண்டும் பயமில்லை. கனமான கல்லை அடிக்கண்ணாடியில் நேராக வைக்காமல், கீழே இரண்டு விரல் மணல் பரப்பி அதன் மேல் வையுங்கள்.