பழைய கான்கிரீட் சிற்றாலயத்தைப் பூசி மறைக்கலாமா?

பாளையங்கோட்டையில் உங்கள் கல்லூரி வளாகத்தில் 1960களில் எழுந்த கான்கிரீட் சிற்றாலயத்தில் கம்பி தெரிகிறது. சிமென்ட் பூசிப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பூசாத அந்தச் சுவரில் பதிந்திருக்கும், கான்கிரீட் வார்க்க அடித்த சென்டரிங் பலகையின் மர ரேகைதான் அக்காலக் கட்டடக்கலையின் முகம்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்க இறங்க, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் கான்கிரீட்டின் காரத்தன்மை குறைகிறது. கம்பி துருப்பிடித்து உப்பி, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. புதிதாகக் கொத்திய இடத்தில் காரத்தை நிறத்தால் காட்டும் பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பாருங்கள்: இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. பழுதைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துருவை நீக்கி, பழைய நிறத்துக்கு ஒத்த கலவையால் அடையுங்கள். அடைப்பதற்கு முன் கலவையின் மாதிரியை மறைவான மூலையில் போட்டு, நன்றாக உலர்ந்தபின் ஒப்பிடுங்கள்.

ஆனால் முதல் வேலை கூரை ஒழுக்கையும் வடிகுழாயையும் சரிசெய்வதுதான். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.