பர்னபா மாதிரி ஒருவர் வேண்டும்

சகோதரி, சீட்டுப் பண வழக்கில் சிறை சென்று திரும்பிய உங்கள் அண்ணன் ஆலயத்தில் உட்கார்ந்ததும் பெஞ்சே காலியானது என்கிறீர்கள். பாறசாலைப் பக்கம் எங்கள் சபையிலும் பார்த்திருக்கிறேன். பாட்டுப் புத்தகத்தைக்கூட நகர்த்தி வைத்தார்கள்! முன்பு இயேசுவின் சீடர்களைத் துன்புறுத்திய சவுல் (பிற்பாடு பவுல்) மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, அவரைக் கண்டு சீடர்களே பயந்தார்கள். பர்னபா என்ற சீடர்தான் அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனார் (அப்போஸ்தலர் 9:27). ஆண்கள் பக்கம் நீங்கள் போய் உட்கார முடியாது. ஆகவே ஆயரிடம் சொல்லி, மூப்பர் ஒருவரை வாசலிலிருந்தே அவரோடு வரச் சொல்லுங்கள்.

பணம் இழந்தவர்கள் அதே சபையார் என்றால், அண்ணன் முதலில் அவர்கள் வீட்டுப் படியேற வேண்டும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னான். இவர் மாதம் 500 ரூபாயாவது கொடுக்கத் தொடங்கட்டும். காணிக்கை எண்ண மட்டும் இப்போதைக்கு அவரை உட்கார வைக்க வேண்டாம், அவருக்கே அது சோதனை.