கூலன்ட்டில் ஆயிலா? ஹெட்டைக் கழற்றும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லாரியின் கூலன்ட் டேங்கில் பழுப்பாகக் கொழகொழவென்று படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டது, ஹெட்டை இறக்கணும் என்கிறார்கள். இறக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வண்டி ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் வரை போகும். கூலன்ட் அழுத்தம் 1 பார் சுமாருக்குத்தான் இருக்கும். ஆயிலைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் ஆயில் கூலரின் உள்தகட்டில் விரிசல் விட்டால் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் பாயும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் என் முதல் சந்தேகம் கூலர்மேல்தான். ஹெட் கேஸ்கெட் என்றால் பெரும்பாலும் எரிந்த புகையும் கூடவே கூலன்ட்டுக்குள் வரும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் இறுகும், டேங்கில் விடாமல் குமிழி கிளம்பும். ஏர் பிரேக் வண்டியில் தண்ணீரால் குளிரும் கம்ப்ரஸரின் கேஸ்கெட் போனாலும் இதே குமிழி வரும். அதையும் பார்க்காமல் ஹெட்டில் ஸ்பானர் வைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. ஒர்க்ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போகலாமா?

பதில்: கூடவே கூடாது. கட்டி இழுத்துப் போங்கள். இன்ஜினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், சூட்டில் கூலன்ட் அழுத்தம் மட்டும் நிற்கும். கூலரில் விரிசல் இருந்தால் அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். அந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் கெடும். லைனரின் (பிஸ்டன் ஓடும் உறை) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒழுகினாலும் இதே வெளுப்புதான், அதனால் கூலர் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: ஆயிலை வடித்து இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை கைப்பம்பால் கூலன்ட்டை ஏற்றி, இரவு முழுக்க விட்டுவிட்டு, டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். லைனர் ஓரமாகச் சொட்டு இறங்கினால் கூலர்மேல் பழி போடாதீர்கள். அங்கே காய்ந்திருந்தால் கூலரைக் கழற்றி, தண்ணீர் வழிகளை அடைத்து, ஆயில் பக்கம் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அழுத்தத்துக்குக் காற்று கொடுத்து வெந்நீரில் முக்குங்கள். வெந்நீர் முக்கியம். சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். சிலசமயம் ஒரே ஒரு பொடிக் குமிழிதான் நிதானமாக மேலே வரும், பொறுமையாகப் பாருங்கள்.

கேள்வி: கலப்படமே இல்லை, ஆனால் லோடு ஏற்றினால் ஆயில் மட்டும் கொதிக்கிறது. இதுவும் கூலரா?

பதில்: இருக்கலாம், கூலரின் தண்ணீர்ப் பக்கம் அடைத்திருக்கும். நன்றாகச் சூடேறியபின் லோடுடன் சீராக ஓட்டி, ஸ்கேனரில் ஆயில் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். ஃபோர்டு 6.0 பவர்ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினில் வித்தியாசம் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூலர் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் இன்ஜினுக்கான அளவை அதன் புத்தகத்தில் பாருங்கள். வெவ்வேறு வகைக் கூலன்ட்டைக் கலப்பதும், ஒழுகல் அடைக்கும் பவுடரைக் கொட்டுவதும் இந்தக் குறுகிய வழிகளை அடைக்கும்.

கேள்வி: பழைய கூலரைக் கழுவிப் போடலாமா ஐயா?

பதில்: பேரிங் தேய்ந்த இன்ஜின் என்றால் கூடாது. உள்ளே தங்கிய உலோகத் தூள் புது பேரிங்கையும் தின்றுவிடும்.

கேள்வி: புதுக் கூலர் போட்டும் டேங்கில் ஆயில் மிதக்கிறது. கூலர் போலியா?

பதில்: அநேகமாக அது உள்ளே மிச்சமிருக்கும் பழைய ஆயில். சிஸ்டத்தைக் கழுவுவதுதான் இந்த வேலையில் பாதி, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நுரை வராத கிளீனர் கலந்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை சூடாக்கி வடியுங்கள். கேபின் ஹீட்டர் திறந்திருக்கட்டும். தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஆயில் ஊறி உப்பிய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். கடைசியாகக் கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, சில நாள் ஓட்டியபின் டேங்கைப் பாருங்கள். படலம் குறைந்துகொண்டே வந்தால் பழைய அழுக்கு. துடைத்த இடத்தில் மறுபடி கெட்டியாகச் சேர்ந்தால் கூலரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.