வீட்டில் ஏன் பயம்?

கேள்வி: 'ஸ்டாப்மோஷன்' என்ற பேய்ப்படம் பார்த்தேன். பொம்மைப்படம் எடுக்கும் பெண் ஒருத்தி அந்த வேலைக்குள்ளேயே மூழ்கி நாசமாகிறாள். கலை ஓர் ஆளை இப்படி விழுங்குமா? நான் இரவிரவாகக் களிமண்ணில் உருவம் செய்வதைப் பார்த்து வீட்டில் பயப்படுகிறார்கள். (வாசகி, மல்லாவி)

பதில்: 'வீட்டில்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். 2023இல் ராபர்ட் மோர்கன் இயக்கிய அந்தப் படத்தின் பயங்கரமும் வீட்டில்தான் தொடங்குகிறது. கதாநாயகியின் தாய் பெயர்பெற்ற பொம்மைப்பட இயக்குநர். மூட்டுவாதத்தால் அவருடைய கை முடங்கிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல மகள் பொம்மையை அசைக்கிறாள். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து ஓடவிடுவதுதான் பொம்மைப்படம். விநாடிக்கு 24 படம். ஒரே நிலையை இரண்டு தடவை எடுத்தாலும் ஒரு நிமிடக் காட்சிக்கு 720 தடவை அசைக்க வேண்டும். அதில் ஓர் அசைவுகூட அவளுடைய விருப்பத்தில் வந்ததில்லை. தாய் நோயில் விழுந்த பிறகாவது சொந்தக் கதை வருமா என்று பார்த்தால், எங்கிருந்தோ ஒரு சிறுமி வந்து அடுத்த கதையைச் சொல்லத் தொடங்குகிறாள்! பச்சை இறைச்சியும் செத்த நரியும் வரும் இடங்களில் பலர் கண்ணை மூடுவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது தாயும் மகளும் இருக்கிற அந்த முதல் காட்சிகள்தான். அவளுடைய கை எப்போதும் இன்னொருவர் கதைக்கே உழைக்கிறது. பழியைக் கலையின் தலையில் போடாதீர்கள்.

போருக்குப் பிறகு வன்னியில் நடந்த வாழ்வாதாரப் பயிற்சிகளிலும் இதைப் பார்த்தேன். பெண்களை ஓலை இழைக்க இருத்தினார்கள். பெட்டியின் அளவு, சாயம், மூடியில் வரும் பூ எல்லாம் வெளியிலிருந்து வந்தன. கடகத்தையும் நீத்துப்பெட்டியையும் கண்ணளவிலேயே இழைத்த தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள். 'உனக்கு என்ன செய்ய ஆசை?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைச் சொன்னால் கூத்து விஷயமும் வரும், வரட்டும். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகியை அம்மன் என்று கும்பிட ஊர் ஊராகத் திரள்கிறோம். முல்லைத்தீவில் விடிய விடிய ஆடிய கோவலன் கூத்தில் அந்தக் கண்ணகியைப் பரம்பரையாக ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்கள் ஆடட்டும் என்று இதே பக்கத்தில் எழுதியதற்கு, 'இரவு ஒத்திகைக்குப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?' என்று சண்டைக்கு வந்தார்கள். அண்ணாவிமாரும் இரவிரவாகத்தானே கூத்துப் பழக்கினார்கள்? அவர்களைப் பார்த்து வீட்டில் யாரும் பயப்படவில்லை. விடிய வந்தால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள். அன்று எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப் போவதில்லை.

சரி, உங்கள் களிமண்ணுக்கு வருகிறேன். கைத்தொலைபேசியை அசையாமல் கட்டி வைத்து, ஓர் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 12 தடவை நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையையும் இரண்டு தடவை படமெடுங்கள். ஒரு விநாடிப் படம் தயார். இடையில் எழும்பிப் போனால் உருவத்தை ஈரத்துணியால் மூடிவிட்டுப் போங்கள், காய்ந்தால் வெடித்துவிடும். கதையை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும்தான். எடுத்ததும் அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.