ரெஜிமென்ட் கொடியில் கடற்படை மகுடம்: கேள்வி பதில்

திருச்சி வாசகர்: போர்க் கௌரவம் என்றால் பதக்கம் மாதிரியா?

இல்லை. பதக்கம் ஆளுக்கு, போர்க் கௌரவம் படைப்பிரிவுக்கு அல்லது கப்பலுக்கு. சண்டை நடந்த இடத்தின் பெயரும் ஆண்டும்தான் அது. பிரிட்டிஷ் தரைப்படையில் கொடியில் பொறிப்பார்கள். கடற்படையில் பலகையில் எழுதிக் கப்பலில் மாட்டுவார்கள்.

சேலம் வாசகர்: கப்பலை உடைத்துவிட்டால்?

பெயருக்குத்தான் கௌரவம், இரும்புக்கு இல்லை. அதே பெயரில் புதுக் கப்பல் வந்தால் பழைய கௌரவமெல்லாம் அதற்கு வந்துவிடும். வார்ஸ்பைட் என்ற பெயருக்கு 1596 காடிஸ் தொடங்கி 1944 வால்கரென் வரை நீண்ட பட்டியல் உண்டு. பாய்மரக் காலத்துச் சண்டைகளும் உலகப்போர்ச் சண்டைகளும் ஒரே பலகையில்! பிரிட்டிஷ் கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி இதற்கு ஒழுங்கான பட்டியல் போட்டது 1954இல்தான்.

மதுரை வாசகர்: தரைப்படைக் கொடியில் கடற்படை மகுடம் ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கடற்படை மகுடம் என்பது கப்பல் பாய்கள் கொண்ட கிரீடச் சின்னம். 18ஆம் நூற்றாண்டில் கப்பல்களில் மரைன் வீரர்கள், அதாவது கப்பலில் இருந்து சண்டையிடும் படைவீரர்கள், போதவில்லை. அதனால் காலாட்படையை ஏற்றினார்கள். 1794 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் அட்மிரல் ஹோவ் பிரபுவின் கப்பல்களில் 2ஆம், 29ஆம் காலாட்படையினர் நின்று சண்டையிட்டார்கள். அந்தத் தேதியே மகுடத்தோடு கொடிக்கு வந்தது. 69ஆம் காலாட்படைக்குக் கிடைத்தது 1782 ஏப்ரல் 12. கரீபியனில் செயின்ட்ஸ் தீவுகள் அருகே பிரிட்டிஷ் அட்மிரல் ரோட்னி ஜெயித்த நாள்.

சென்னை வாசகர்: அப்படியானால் எல்லாக் கடற்சண்டையிலும் இருந்த மரைன்களின் கொடியில் இடமே இருக்காதே?

அதனால்தான் 1827இல் மன்னர் நான்காம் ஜார்ஜ், பெயர்களைப் பொறுக்குவதை விட்டுவிட்டு உலக உருண்டையையே சின்னமாகக் கொடுத்தார். ஊர்ப் பெயராக இருப்பது ஜிப்ரால்டர் மட்டும்.

நாகை வாசகர்: நம் கரையோரம் ஏதாவது உண்டா?

உண்டு. ரோட்னி ஜெயித்த அதே 1782 ஏப்ரல் 12 அன்று, இலங்கையின் கிழக்குக் கடலில் பிராவிடியன் என்ற திட்டுக்கு அருகே, ஆங்கில அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரெனும் மோதினார்கள். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஜூலையில் உங்கள் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை. நான்கும் பிரிட்டிஷ் கடற்படையின் கௌரவப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒன்றிலும் யாருக்கும் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. நாகைச் சண்டையின் நடுவே காற்று திசை மாறி, இரண்டு அணிகளும் குலைந்துபோயின. ஜெயித்தவர்களுக்கு மட்டும்தான் கௌரவம் என்று யாராவது சொன்னால், நான் இந்த நாலு பெயரைத்தான் காட்டுவேன்.