மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பாவின் நில வழக்குக்காகப் போகிறோம். வேட்டி கட்டலாமா, எதைக் கொண்டுபோகக் கூடாது?

வேட்டி தாராளமாகக் கட்டலாம். வழக்காடிகளுக்கெனத் தனிச் சீருடை கிடையாது. வெளுத்த வேட்டி, சட்டை, தோளில் துண்டு போதும். லுங்கி, அரைக்கால் டவுசர், பனியன் வேண்டாம். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் வக்கீல்களுடையவை, அந்தத் தோற்றத்தில் போகாதீர்கள்.

மேலூர் சாலையில் 2004 ஜூலை 24 முதல் இயங்கும், சென்னை ஹைகோர்ட்டின் இந்த மதுரைக் கிளைக்கு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவல் உண்டு. வாசலில் ஆளையும் பையையும் சோதிப்பார்கள். அசல் ஆதார் அல்லது வாக்காளர் அட்டையும், வழக்கு எண் எழுதிய தாளும் இருவர் கையிலும் இருக்கட்டும். எண் தெரியாமல் நின்றால் உள்ளே போகும் பாஸ் வாங்குவது இழுத்துவிடும்.

பெரியவர்கள் மாட்டிக்கொள்வது இடுப்பு மடியில்தான். வெற்றிலைச் செல்லத்துக்குள் பாக்குவெட்டி, சாவிக்கொத்தில் சின்னப் பேனாக்கத்தி, பீடிக்கட்டோடு தீப்பெட்டி. அப்பாவின் மடியை வீட்டிலேயே அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். வாசலில் பறிகொடுத்தால் அவர் மனம் சுருங்கிப்போகும்.

கோர்ட் 10.30க்கு உட்காரும். 9.30க்கே வாசலில் நில்லுங்கள். எந்த அறை, எத்தனையாவது வழக்கு என்று முந்தின இரவே வக்கீலிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறைக்குள் போனை அணைத்துவிடுங்கள். படம், ஒலிப்பதிவு கூடவே கூடாது. தோளில் போட்ட துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் இருக்கட்டும், கட்டாயமில்லை. ஆனால் நீதிபதி வரும்போதும் போகும்போதும் எழுந்து நிற்கவேண்டும்.