சயாட்டிகா வலிக்கு (இடுப்பு, புட்டத்துல இருந்து கால் வழியா இறங்குற நரம்பு வலி) மசாஜ்: நீங்க அனுப்புன கேள்விகளும் பதிலும்

கேள்வி: முதுகெலும்போட அடிப்பக்கம் எல்5-எஸ்1ங்கிற இடத்துல டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவுல இருக்குற மெத்தை) பிதுங்கியிருக்குனு ஸ்கேன்ல வந்திருக்கு. மசாஜ் பண்ணா உள்ள போயிடுமா?

பதில்: போகாது. டிஸ்க்க கையால தள்ளி உள்ள விடுறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிதுங்குனது பல பேருக்கு சில மாசத்துல தானாவே சுருங்கிடும், அதுவரைக்கும் வலியில விறைச்சுப்போன இடுப்பு, புட்டத்து தசையெல்லாம் தளர்த்தி விட்டா கொஞ்சம் நடக்கலாம், ராத்திரி தூங்கலாம், மசாஜோட வேலை அவ்ளோதான்.

கேள்வி: ஸ்கேன் நார்மல்தான், ஆனா உக்காந்தா புட்டத்துல இருந்து தொடை பின்னாடி வரைக்கும் சுண்டி இழுக்குதே?

பதில்: உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் மசாஜ் நல்லா வேலை செய்ய வாய்ப்பு இருக்கு. புட்டத்துக்கு உள்ள பிரிஃபார்மிஸ்னு ஒரு சின்ன தசை, பெரும்பாலானவங்களுக்கு காலுக்கு இறங்குற சயாட்டிக் நரம்பு அதுக்கு கீழயே போகுது, தசை இறுகுனா நரம்பு எரிச்சலாகும். இன்னொன்னு, புட்டத்துலயே இருக்குற குளூட்டியஸ் மினிமஸ்ங்கிற தசையில முடிச்சு விழுந்தாலும் வலி கணுக்கால் வரைக்கும் இறங்கும், நரம்புக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது, நிறைய பேர் இங்கதான் குழம்பிடுறாங்க. வீட்டுல பண்ணணும்னா சுவத்துல சாஞ்சு நின்னு, புட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல டென்னிஸ் பால் வெச்சு, நோகுற புள்ளியில ஒரு நிமிஷம் மெதுவா அழுத்துங்க, எலும்பு மேல வேணாம். தரையில படுத்து முழு வெயிட்டையும் போடுறது எடுத்தவுடனே வேணாம்.

கேள்வி: தெரபிஸ்ட் அழுத்துறப்ப காலுக்குள்ள கரண்ட் அடிக்குது, பல்ல கடிச்சிட்டு தாங்கிக்கவா?

பதில்: தாங்காதீங்க, உடனே சொல்லுங்க. தசை அமுங்குற வலி பெரும்பாலும் அந்த இடத்துலயே இருக்கும், சுகமா கூட இருக்கும். பாதம் வரைக்கும் மின்னல் மாதிரி ஓடுனா அவர் நரம்பத்தான் அழுத்துறாரு, இடத்த மாத்தணும். அழுது எந்திரிச்சாதான் நல்ல மசாஜ்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அத விடுங்க.

கேள்வி: யாரு பண்ணக்கூடாது?

பதில்: ஒண்ணுக்கு போற எடத்த சுத்தி மரத்துப்போகுது, ஒண்ணுக்கு வரல இல்ல அடக்க முடியல, பாதத்த தூக்க முடியலன்னா மசாஜ் பேச்சே கிடையாது, நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. ஒரு கால் மட்டும் வீங்கி சூடா இருந்தா ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம், தேய்க்கவே கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, எலும்பு மெலிஞ்சு பலவீனமானவங்க, கர்ப்பிணிங்க டாக்டர கேட்டுட்டு பண்ணுங்க.

கேள்வி: கால் வலி கொறஞ்சு இப்ப இடுப்புல மட்டும் நிக்குது, மோசமாயிடுச்சா?

பதில்: பொதுவா அது நல்ல அறிகுறிதான், வலி கால விட்டு இடுப்புப் பக்கமா ஏறுனா நரம்பு அமைதியாகுதுன்னு எடுத்துக்கலாம். நடக்குறத மட்டும் நிறுத்திடாதீங்க.